கூடுதலாக ஓர் எலும்பு

மறுபடியும் எண்ணினாள். ஆறுதான். இடுப்பிலிருந்து மேல்நோக்கி எண்ணினாலும் ஆறு, கழுத்திலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாலும் ஆறு. விலா எலும்புகள் முடிகிற இடத்துக்குக் கீழே மனுஷனாகப் பிறந்தவருக்கு ஐந்து முள்ளெலும்புகள் என்று முதல் வருஷ மாணவன்கூடத் தூக்கத்தில் சொல்வான். திரையில் பக்கவாட்டில் கிடக்கிற இந்த ஆளுக்கு ஒன்று கூடுதல். அதனால் என்ன, அப்படிப் பிறக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், நூறு பேரைப் பிடித்து நிறுத்தினால் நாலைந்து பேராவது தேறுவார்கள், இத்தனை வருஷத்தில் அவளே எத்தனையோ பார்த்தாயிற்று, பார்த்து, அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருக்கிறாள். டாக்டர் சண்முகவடிவு இதைத் தனக்குத் தானே, மந்தமான மாணவிக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே மூன்றாவது எலும்பின் மேல்பரப்பைப் பெரிதாக்கினாள். பிசைந்த மாவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தினாற்போல அங்கே ஒரு குழி. அதுவும் சாதாரணம்தான். குழி விழுந்த எலும்பு தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கும். ஆனால் ஆறும் இருந்து, அந்த ஆறில் மூன்றாவதில் குழியும் இருந்து, அந்தக் குழி நடுவில் விழாமல் சற்றுப் பின்தள்ளி விழுந்திருந்தால்? வெளியே திருநெல்வேலி பங்குனி வெயிலில் வெந்துகொண்டிருந்தது, படம் பார்க்கும் அறையில் மட்டும் எப்போதும் மார்கழி. குளிருக்குப் போர்த்தியிருந்த சால்வை தோளிலிருந்து நழுவியது அவளுக்குத் தெரியவில்லை. ஞானதுரை என்றது மனம். வாய் சொல்லவில்லை. வாய் அந்தப் பெயரைச் சொல்லி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பெயர் இல்லாமல் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் முதல் சட்டம். நாட்டில் பல மூலைகளிலுள்ள ஆஸ்பத்திரிகளிலிருந்து, பெரிய ஊர், மலையடிவாரம், மிஷன் ஆஸ்பத்திரி என்று பேதமில்லாமல், முதுகெலும்பு அரிக்கப்பட்டவர்களின் எம்.ஆர்.ஐ. படங்களைத் திரட்டி, பெயரை நீக்கி, வயதை நீக்கி, ஆணா பெண்ணா என்பதையும் நீக்கி, வெறும் எண் ஒன்றை ஒட்டி அவள் முன்னால் வைத்திருக்கிறார்கள். வயிற்றுப் பக்கத்தை மெஷினே கறுப்பாக்கிவிடும், ஆகவே உடம்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. இவள் பார்த்துச் சொல்ல வேண்டும்: அரித்தது கிருமியா, புற்றா. கிருமி என்றால் டிபியா, வேறு சீழ்க் கிருமியா. இவள் சொன்னது சரியா என்று பிறகு ஒருநாள் பூட்டைத் திறந்து ஒப்பிடுவார்கள், ஏனென்றால் பதில் முன்பே தெரியும். ஊசி விட்டு எடுத்த சதையும் பிறகு நடந்ததுமாகச் சேர்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் எழுதப்பட்டுவிட்டது. படத்தை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் ஆராய்ச்சி. சதையை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்காகும், பாதிப் பேருக்கு வளராமலே போகும், அதுவரை யார் பொறுப்பார்கள், படத்தைப் பார்த்தால் டிபி மாதிரி இருக்கிறது என்று மாத்திரையைத் தொடங்கிவிடுவதுதான் நம் பக்கத்து வழக்கம். மாதிரி. அந்த ஒரு வார்த்தையால் வாழ்ந்தவர்களும் உண்டு, போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. ஆகவே பெயரைப் பார்க்காதே, கதையைக் கேட்காதே, எலும்பைப் பார். வடிவுக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு மனுஷரைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் அவருடைய நடு எலும்புவரை பார்க்கிறதில் ஒரு நிம்மதி இருந்தது. யாரும் யாருக்கும் கடன்பட்டவர்கள் இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தபோதுகூட அந்த நிம்மதி இருந்தது. இந்தப் படம் வந்தது, நிம்மதி போயிற்று.

அவனுக்கு ஆறு என்று முதலில் சொன்னதே அவள்தான். காலேஜுக்கு எம்.ஆர்.ஐ. மெஷின் புதிதாக வந்த சமயம். பெரிய தொட்டில் மாதிரி கொண்டுவந்து இறக்கி, சுவரை இடித்து உள்ளே ஏற்றி, கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர்கள் சோதனை ஓட்டத்துக்கு நல்ல உடம்புக்காரர்கள் யாராவது உள்ளே படுங்கள் என்று கேட்டார்கள். மேற்படிப்புப் படிக்க வந்த டாக்டர்கள் எல்லாரும் திடீரென்று வார்டுக்குப் போக வேண்டியவர்களாகிவிட்டார்கள். எலும்பு முறிவுப் பிரிவிலிருந்து இவன் ஒருத்தன் மட்டும் வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, சட்டையை யாரிடமோ கொடுத்து, “போட்டோ நல்லா விழணும், வீட்ல பொண்ணு பாக்காக” என்று சொல்லிக்கொண்டே போய்ப் படுத்தான். மெஷின் தட்டியது, உறுமியது, திரையில் சாம்பல் நிறத்தில் அவன் முதுகு ஊறி வந்தது. எல்லாரும் படம் தெளிவாக இருக்கிறது என்று கை தட்டினார்கள். வடிவு மட்டும் எண்ணினாள். அப்போது அவள் படிப்பில் கெட்டி, படத்தைப் பார்த்தால் எண்ணாமல் இருக்க மாட்டாள். அவன் வெளியே வந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

“துரை, உங்களுக்கு இடுப்புல ஒரு எலும்பு கூட இருக்கு.”

“கூடவா? நல்லா எண்ணுனியா?”

“ரெண்டு தரம் எண்ணிட்டேன். மூணாவதுல, கொஞ்சம் பின்தள்ளி ஒரு குழியும் இருக்கு.”

“அது சின்ன வயசுல சர்ச் மதில்லேருந்து விழுந்தது. எங்கப்பா உபதேசியாரு, அடிக்க வந்தாரு, குதிச்சேன்.” சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு சிரித்தான். “ஏவாளச் செய்ய ஆதாமுக்கு ஒரு எலும்ப எடுத்தாரு கர்த்தரு, எனக்கு ஒண்ணு கூடக் குடுத்திருக்காரு. எடுக்க மறந்துட்டாரு போல. ஆள் வந்ததும் எடுப்பாரா இருக்கும்.”

அவ்வளவுதான் பேச்சு. யார் கேட்டாலும் இதில் என்ன இருக்கிறது என்பார்கள். அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டலில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. தோலைத் தொடும் முன்னே ஒருத்தனுடைய எலும்பை எண்ணிவிட்டவள் வேறு என்ன செய்வாள். தோலை அப்புறமும் தொடவில்லை என்பது வேறு விஷயம். ஒரே ஒரு தடவை, லைப்ரரி மாடிப் படியில் முதுகு பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றவனை, “எங்க வலிக்கு?” என்று கேட்டு முதுகில் கை வைத்தாள். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. மூன்றாவது எலும்பு எது என்று அவள் விரலுக்குத் தெரிந்தது. அங்கேதான் என்றான் அவன். கையை எடுக்க வேண்டிய நேரத்தில் எடுத்துவிட்டாள். எடுக்காமல் இருந்திருந்தால் என்று யோசித்து யோசித்தே அந்த நாலு நொடி இருபது வருஷமாகத் தேயாமல் இருக்கிறது. இப்போது மவுஸைப் பிடித்திருக்கிற இதே வலது கை.

அவள் நோயைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நோயைப் பார்க்கத்தானே சம்பளம். குழி விழுந்த மூன்றாவது எலும்பு தப்பித்திருந்தது, அதற்குக் கீழே நாலாவதும் ஐந்தாவதும்தான் கெட்டிருந்தன. நல்ல மஜ்ஜை வெளுத்துத் தெரிய வேண்டிய இடத்தில் இருட்டு. நாலாவது எலும்பு முன்பக்கம் சரிந்து ஆப்பு மாதிரி ஆகியிருந்தது. வலித்திருக்கும். புரண்டு படுக்க முடியாத வலி இது, எழுந்து பாத்ரூம் போக இரண்டு பேர் பிடிக்க வேண்டிய வலி. யார் பிடித்தார்கள்? அவனுக்கு யார் இருக்கிறார்கள்? சே, அவன் என்று யார் சொன்னது. சரி, யாரோ. அந்த யாரோவின் டிஸ்க்கைப் பார். இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க்தான் சாட்சி சொல்லும். கிருமி டிஸ்க்கைத் தின்னாமல் விடாது, புற்று டிஸ்க்கைத் தொடாது என்று அவளே பாடம் எடுத்திருக்கிறாள், கரும்பலகையில் படம் போட்டு. டிஸ்க் தின்னப்பட்டிருந்தால் கிருமி. கிருமி என்றால் மாத்திரை உண்டு. வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும், வாந்தி வரும், மூத்திரம் சிவப்பாகப் போகும், ஆனால் பிழைத்துக்கொள்வான். நடப்பான். டிஸ்க் முழுசாக இருந்தால் மற்றது. மற்றது எங்கிருந்தோ கிளம்பி எலும்புவரை வந்துவிட்டது என்றால் அதற்கு மேல் டாக்டர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவார்கள். வடிவு முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோனாள். டிஸ்க்கின் கீழ் ஓரம் மங்கலாக இருக்கிறதா? இருக்கிறது. இருக்கிற மாதிரி இருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் இல்லை, குறைத்தால் இருக்கிறது. குறைத்தே வைத்துக்கொண்டாள். அப்படியே டிஸ்க் முழுசாக இருந்தாலும்தான் என்ன, டிபி மெதுவாகத்தானே வரும், எலும்பை முதலில் தின்றுவிட்டு டிஸ்க்கைக் கடைசிக்கு வைக்கும், எத்தனை தடவை பார்த்திருக்கிறாள், இது டிபியேதான். அதுவும் அவனுக்கு டிபி வராமல் வேறு யாருக்கு வரும்? அவன் போன இடம் அப்படி.

போன இடம் ஒடிசா மலைப் பக்கம், ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. முதுகெலும்பில் டிபி வந்து கூன் விழுந்தவர்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மலை இறங்கி வருவார்களாம், அவர்களை நிமிர்த்தி நடக்க வைக்க வேண்டும் என்று படிக்கும்போதே சொல்லிக்கொண்டிருப்பான். இங்கே நர்சிங் ஹோம் வைத்திருந்தால் இந்நேரம் மூன்று மாடி எழும்பியிருக்கும், அவனுக்கு மாடி மேல் ஆசையில்லை. படிப்பு முடிந்த வாரம், காலேஜ் கேன்டீனில், உளுந்த வடையைப் பிட்டு வாயில் போடாமல் தட்டிலேயே உருட்டிக்கொண்டு கேட்டான். “அங்க எக்ஸ்ரே எடுக்க ஆளு இருக்கு வடிவு, பாத்துச் சொல்லத்தான் ஆளு இல்ல. வாறியா?” என்ன கேட்கிறான் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அந்தக் கேன்டீனில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவருக்கே தெரிந்திருக்கும். நெஞ்சு அடித்த அடியில் வெட்கமும் பயமும் சேர்ந்து, வீட்டில் திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத அப்பாவின் முகமும் சேர்ந்து, வாய் தானாகக் கேட்டது: “வேலைக்கா?” அவன் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தான். அப்புறம், “ஆமா, வேலைக்குத்தான்” என்று சிரித்துவிட்டு வடையைத் தின்றான். இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருப்பாள். போயிருப்பாளா? அது அவளுக்குத் தெரியாது, ஆனால் போயிருப்பாள் என்றுதான் எப்போதும் முடித்துக்கொள்வாள். ரயில் ஏறுவதற்கு முந்தின நாள் படம் பார்க்கும் அறை வாசலில் வந்து நின்று, “வாரேன் வடிவு” என்றான். போகிறேன் என்று யாரும் சொல்வதில்லையே, எல்லாரும் வாரேன் என்றுதான் சொல்கிறார்கள். சில நாள் போன் வந்தது. லைன் கிடைக்காது, கிடைத்தாலும் பாதி கேட்காது. அப்புறம் அவளுக்குக் கல்யாணம் பேசினார்கள். அப்புறம் போன் வரவில்லை. இப்போதெல்லாம் யாரை வேண்டுமானாலும் போனில் தேடிப் பிடிக்கலாம் என்கிறார்கள். அவளும் தேடினாள். ஞானதுரைகள் நிறையப் பேர் இருந்தார்கள், கல்யாண மண்டபத்தில் மாலையோடு, பேரனை மடியில் வைத்துக்கொண்டு, கன்னியாகுமரிக் கடற்கரையில். ஒருத்தருக்கும் அவன் முகம் இல்லை.

போன் அதிர்ந்தது. அவர்தான், நெல்லையப்பன், வீட்டுக்காரர். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றபின் அடுக்களையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர்.

“வடிவு, சிலிண்டர்காரன் வந்துட்டாம்லா. ஓடிபி உன் போனுக்குத்தான் வந்திருக்காம். பாத்துச் சொல்லு, வாசல்லயே நிக்கான்.”

அவள் தேடிப் பார்த்து எண்களைச் சொன்னாள்.

“ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? ஏ.சி.ய குறைக்கச் சொல்லு அந்தாளுககிட்ட.”

“ஒண்ணுமில்ல. படம் பாத்துக்கிட்டிருக்கேன்.”

“தயிர்சாதத்துல மாதுளம் போட்டிருந்தேன். பாத்தியா?”

“பாத்தேன். நல்லா இருந்துச்சு.”

“சரி, வேலையப் பாரு. சாயந்தரம் வர்றப்ப கருவேப்பில மட்டும் வாங்கியா.”

மாதுளம் இருந்ததா? சாப்பிட்டதே ஞாபகமில்லை. நல்ல மனுஷன். தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும், அவளும் சொல்வாள், பொய்யில்லை. அவருக்கு இடுப்பில் எத்தனை எலும்பு என்று அவளுக்குத் தெரியாது. இருபது வருஷத்தில் ஒருமுறைகூட எண்ணத் தோன்றவில்லை. மாதுளை உரித்துப் போட்டவருக்கு இப்படி ஒரு பெண்டாட்டி. ஆனால் மனம் எங்கே கேட்கிறது, அதட்டி உட்கார வைத்தால் ஒரு நொடி உட்காரும், அப்புறம் எழுந்து திரைப் பக்கம் போய்விடும். படம் எப்போது எடுத்தது? தேதி தெரியாது, பழையது என்று மட்டும் தெரியும். இந்த ஆராய்ச்சிக்குப் பழைய படங்களைத்தான் சேர்த்திருக்கிறார்கள், முடிவு தெரிந்த படங்களை மட்டும். என்றால் இதிலிருக்கிற வலி எப்போதோ வலித்து முடிந்த வலி. இந்த ஆள் மாத்திரை தின்று குணமாகி நடந்துகொண்டிருக்கிறார், அல்லது இல்லை. இரண்டில் ஒன்று நடந்து முடிந்தேவிட்டது. இவள் இன்றைக்கு டிஸ்க்கை உற்று உற்றுப் பார்த்து உள்ளூர வேண்டிக்கொள்வதால் ஒன்றும் மாறப்போவதில்லை. இவள் வேண்டிக்கொள்வது எப்போதும் இப்படித்தான், ரயில் போனபிறகு. தெரிந்தும் வேண்டிக்கொண்டாள். அவன் சாமியா தன் சாமியா என்று பார்க்காமல், காந்திமதி அம்மனிடமும் சொன்னாள், அந்தோணியாரிடமும் சொன்னாள், அந்தோணியாரைக் கும்பிடுகிறவர்கள் கத்தோலிக்கர்கள், அவன் அந்தக் கூட்டம் இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

பதில் போட வேண்டிய கட்டங்கள் திரையின் ஓரத்தில் காத்திருந்தன. கிருமிதான், அநேகமாகக் கிருமி, சொல்ல முடியாது, அநேகமாகப் புற்று, புற்றுதான். அவள் கை கிருமிதான் என்பதில் போய் நின்றது. அமுக்கினாள். கட்டத்துக்குள் புள்ளி விழுந்தது. இனி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி, அனுப்பிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அனுப்புகிற பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குறுக்குவெட்டுப் படங்களை அவள் இன்னும் திறக்கவே இல்லை. பக்கவாட்டுப் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிற மாணவனை, வெளியே போய் நின்றுவிட்டு வா என்று அனுப்புகிறவள் அவள். எலும்பின் பின்பக்கத்தில் இரண்டு சிறு தூண்கள் உண்டு, புற்று அதைத்தான் முதலில் தின்னும், கிருமி பெரும்பாலும் அதை விட்டுவிடும், குறுக்குவெட்டில் பார்த்தால் சட்டென்று தெரிந்துபோகும். தெரிந்துபோகும் என்றுதான் திறக்கவில்லை. அதை மனம் இப்போதுதான் ஒப்புக்கொண்டது. போன வருஷம் இதே ஆஸ்பத்திரிக்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார், ஏதோ ஊரில் படத்தைப் பார்த்து டிபி மாதிரி இருக்கிறது என்று ஏழெட்டு மாதம் மாத்திரை கொடுத்து, இங்கே வந்தபோது கால் இரண்டும் விழுந்துவிட்டது. புற்று. ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் காலையாவது காப்பாற்றியிருக்கலாம். அவர் பெண்டாட்டி, “டாக்டர் நல்லா பாத்தாகளாம்மா, பாத்துட்டுத்தான் சொன்னாக” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த ஊர் டாக்டரும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாரோ, யாரையாவது நினைத்துக்கொண்டு? இன்றைக்கு இவள் போடுகிற புள்ளி இந்த ஆளைக் காப்பாற்றாது, கெடுக்காது. ஆனால் நாளைக்கு இதைக் கணக்கெடுத்து, படத்தை இவ்வளவு நம்பலாம் என்று எழுதுவார்கள். அதை நம்பி எங்கோ ஒருவர் மாத்திரையைத் தொடங்குவார்.

அப்போதுதான் இன்னொரு சட்டம் ஞாபகம் வந்தது. படத்திலிருக்கிற ஆளைத் தெரியும் என்று தோன்றினால், பார்க்கிறவர் விலகிக்கொள்ள வேண்டும். அடுத்த அறையில் ஜன்னத் இருக்கிறாள், மேலப்பாளையத்துப் பெண், இந்த ஆராய்ச்சிக்கு ஒருங்கிணைப்பாளர், பெயர்கள் எல்லாம் அவள் பூட்டில்தான் இருக்கின்றன. அவளிடம் போய் இன்னார் என்று நினைக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவள் பார்ப்பாள். ஒவ்வொரு படத்தையும் இரண்டு டாக்டர்கள் பார்ப்பார்கள், ஒருவர் விலகினால் பார்க்க மூன்றாவதாக ஒருவர் உண்டு. அந்த ஆளேதான் என்றால், “மூணாவது ஆளுக்கு அனுப்பிடுதேன்” என்பாள். இல்லையென்றால், “தொடருங்க” என்பாள். இந்த இரண்டைத் தவிர வேறு ஒன்றும் அவள் சொல்லக் கூடாது. சட்டம் எழுதியவர்கள் நேர்மைக்காக எழுதினார்கள். வடிவுக்கு அதில் ஒரு ஜன்னல் திறந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவனைப் பற்றி ஒரு சேதி கிடைக்க வழி இருக்கிறது, அதுவும் சட்டப்படி. அவள் எழுந்தது நேர்மைக்காகவா, சேதிக்காகவா? இரண்டுக்கும்தான் என்று சொல்லிக்கொண்டாள். சேதிக்காகத்தான். மூன்றாவது ஆளுக்கு அனுப்புகிறேன் என்று அவள் சொல்லிவிட்டால் அவன் ஒரு நாள் இந்த வலியோடு படுத்திருந்தான் என்று ஆகும், உயிரோடு இருக்கிறானா என்று தெரியாது, அதைவிடக் கொடுமை இல்லை. ஆனாலும் அவன் இருந்தான் என்று ஆகும். அவள் கண்ணுக்கு முன்னால் அவன் முதுகு வந்தது என்று ஆகும். கதவைத் திறந்தபோது சால்வை தரையில் கிடந்ததைத் தாண்டித்தான் போனாள்.

ஜன்னத் கம்ப்யூட்டர் பக்கத்தில் வடிகட்டிய டீயோடு உட்கார்ந்திருந்தாள். மேடத்தைப் பார்த்ததும் எழுந்தாள்.

“என்ன மேடம், முகமெல்லாம் வேத்திருக்கு? உள்ள ஐஸ் மாதிரில்லா இருக்கும்.”

“ஜன்னத், இப்ப தெறந்து வச்சிருக்கிற படம். அவங்கள எனக்குத் தெரியும்னு தோணுது.”

“அப்படியா.” ஜன்னத் உட்கார்ந்து பூட்டைத் திறந்தாள். “பேரு சொல்லுங்க மேடம்.”

பேர். பெண் பார்க்க வந்த அன்றுகூட இப்படி நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை.

“ஞானதுரை.” இன்னும் ஒருமுறை, கொஞ்சம் உரக்க: “டாக்டர் ஞானதுரை.”

ஜன்னத் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு பெயரைப் பார்க்க இவ்வளவு நேரமா, மெஷின் மெதுவா, இல்லை அந்தப் பெயர்தானா, பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறாளா? ஜன்னத்தின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அதற்காகத்தான் அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். மூணாவது ஆளு என்று சொல்லு, சொல்லு ஜன்னத், என்று வடிவு கேட்டுக்கொண்டாள். அப்படிக் கேட்டுக்கொள்கிறோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

“தொடருங்க மேடம்” என்றாள் ஜன்னத்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் விட்டுப்போன அதே முதுகு. ஆறு எலும்பு, மூன்றாவதில் குழி. அவளுக்கு அது இப்போது யாரோ. குழி நடுவில்தான் விழுந்திருந்தது, பின்தள்ளி ஒன்றும் இல்லை. வெளிச்சத்தைப் பழையபடி கூட்டினாள். டிஸ்க் முழுசாக, வெள்ளையாக, ஓரம் கலையாமல் இருந்தது. ஒரு மணி நேரமாக அவள் பார்த்த மங்கல் எங்கே போயிற்று? குறுக்குவெட்டுப் படங்களைத் திறந்தாள். நாலாவது எலும்பின் இரண்டு தூண்களும் இல்லை. ஐந்தாவதில் ஒன்று இல்லை. பார்த்த கணத்திலேயே தெரிந்துபோயிற்று, இதற்கு மாணவனே போதும். அவன் என்று நினைத்திருந்த மட்டும் கிருமியை டிஸ்க்கைத் தின்ன வைத்தாள், தூணைப் பார்க்காமல் இருந்தாள், சாமிகளைக் கூப்பிட்டாள். யாரோ என்றதும் நேராகக் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. இந்த யாரோவுக்கும் அன்றைக்கு எங்காவது ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருத்தியோ ஒருத்தனோ நின்றிருப்பார்கள், டிபியாக இருக்கட்டும், டிபியாக இருந்துவிடட்டும் என்று, டிபியைக்கூட வரமாகக் கேட்டுக்கொண்டு. அவர்களுக்காகவும் அவளால் டிஸ்க்கின் ஓரத்தை மங்கலாக்க முடியவில்லை. கிருமிதான் என்ற கட்டத்திலிருந்த புள்ளியை எடுத்துக் கடைசிக் கட்டத்தில் வைத்தாள். புற்றுதான். அனுப்பினாள். கண் எரிந்தது.

கதவருகே ஜன்னத் வந்து நின்றாள், கையில் இன்னொரு டம்ளர் டீ. “கேக்கக் கூடாதுதான் மேடம். ரொம்ப வேண்டியவங்களா?”

“கூடப் படிச்சவங்க.”

“அப்ப நல்லவேளை மேடம்.”

“ஆமா, நல்லவேளை” என்றாள் வடிவு. டீயை வாங்கிக்கொண்டாள்.

நல்லவேளைதான், சந்தேகமே இல்லை. அவன் இந்தப் படத்தில் இல்லை. எங்கோ மலைப் பக்கத்தில் ஓர் எலும்பு கூடுதலாக வைத்துக்கொண்டு, தலை நரைத்து, நிமிர்ந்து நடந்துகொண்டிருப்பான், யாரையாவது கைத்தாங்கலாகப் பிடித்து நடக்க வைத்துக்கொண்டிருப்பான். அவன் பிள்ளைகள் இங்கிலீஷும் ஒரியாவும் கலந்து பேசும். நன்றாக இருக்கட்டும். நூறு வருஷம் இருக்கட்டும் என்று மனசார நினைத்தாள், அதில் துளி பொய்யில்லை. ஆனால் இந்த ஒரு மத்தியானம் அவன் அவளோடு இருந்தான். அவனுக்கு வலித்தது, அவளுக்குத் தெரிந்தது, அவள் பக்கத்தில் இருந்தாள். தொடருங்க என்ற ஒரு சொல்லில் அவன் எழுந்து போய்விட்டான், இந்தத் தடவை வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு நோயாகவாவது தன் மேசைக்கு வந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினாள். ஏங்கியதற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்ட பிறகும் ஏங்கினாள்.